சனிக்கு ஒரு வாசல்

ஊறுகாய் விஷயத்தில் இறுதி முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதை முதலில் உனக்குத் தெரிவித்துவிடுகிறேன். இனி என் வீட்டில் குறுக்களவு நாலே முக்கால் சென்டிமீட்டர் உள்ள எலுமிச்சம்பழம் வெட்டப்படாது. அதைவிடச் சிறியதை வெட்டலாம். பெரியதையும் வெட்டலாம். நீண்ட யோசனைக்குப் பிறகு, மார்க்கெட்டில் பழக்கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்த நிலையில், கடைக்காரப் பெண் "எக்கா, பழம் பொறுக்குதியளா, பொண்ணு பாக்குதியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே இந்த முடிவு எடுக்கப்பட்டது. எதிர்ப்பு எதுவும் வரவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான்.

பழத்தைப் புரட்டும்போது நகம் பட்டுத் தோல் கீறிவிட்டது. அந்த வாசனை எழுந்ததும் நீ வந்துவிட்டாய். நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்தக் கோலத்தில்.

அன்றைய கூட்டம் விண்வெளிக்காகக் கூட்டப்பட்டிருந்தது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது என்ற செய்தியால் நம் சங்கத்துக்குத் தூக்கம் போயிருந்தது. "ராக்கெட் நமக்குப் பக்கத்துல வருது. நாமளும் விண்வெளிக்கு நம்மால ஆனதைச் செய்யணும்" என்றார் தலைவர் அண்ணாச்சி. நம் தெரு கடற்கரைச் சாலையைத் தொடும் முனையில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்கு அவர்தான் சொந்தக்காரர் என்பதால் சங்கத்துக்கும் அவரே தலைவர். விண்வெளிக்கு என்ன செய்யலாம் என்பதில் இரண்டு கருத்துகள் இருந்தன. தெரு முனையில் வரவேற்பு வளைவு என்றது ஒரு தரப்பு. ராக்கெட் வடிவத்தில் குடிநீர்த் தொட்டி என்றது இன்னொரு தரப்பு. தொட்டியின் குழாய் ராக்கெட்டின் எந்தப் பகுதியில் வரும் என்ற விவாதம் சூடு பிடித்தபோதுதான் நீ எழுந்தாய்.

ஓய்வுபெற்ற சயின்ஸ் டீச்சர் எழுந்தால் ஊர் அடங்கும். பாதிப் பேர் உன்னிடம் அடி வாங்கியவர்கள்.

"நான் பாடம் நடத்தின புத்தகத்துல சூரியனும் கிரகங்களும் ஒரே பக்கத்துல இருக்கும்" என்றாய். "தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ல நிக்குற கூட்டம் மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்கும். அது படமில்லை, புளுகு. ஒரே ஒரு தடவை, அதுகளைச் சரியான தூரத்துல வரிசையா நிக்க வச்சு, நான் அதுககூட நடந்து பாக்கணும். நம்ம கடற்கரை நடைபாதையில வைக்கலாம்."

"இந்த எலுமிச்சம்பழம் எதுக்கு டீச்சர்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இது சனி" என்றாய்.

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வளைவுக்கும் தொட்டிக்கும் பணம் வேண்டும், உன் திட்டத்துக்கு ஏறக்குறைய எதுவும் வேண்டாம் என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அறிவியல் நம் ஊரில் வெற்றி பெறும் வழி அது ஒன்றுதான்.

முத்து ஊர் என்பதால் பூமியை ஒரு முத்து என்று வைத்துக்கொண்டோம். அரை சென்டிமீட்டர். நிஜமான முத்துக்கு நாம் எங்கே போவது? பாசிமணிக் கடை முத்துதான். பூமி அந்த அளவு என்றால் சூரியன் அரை மீட்டருக்கு மேல் வரும் என்றாய். மீன்பிடித் துறைமுகத்தில் கழித்துப் போட்ட உருண்டை மிதவை ஒன்றைக் கேட்டு வாங்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, நடைபாதையின் வடக்கு முனையில் தூண் மேல் வைத்தோம். பிறகு டேப்பைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடந்தோம். இருபத்து மூன்று மீட்டரில் புதன், ஒரு கடுகு. நாற்பத்திரண்டில் வெள்ளி, இன்னொரு முத்து. ஐம்பத்தொன்பதில் நாம்.

நான் திரும்பிப் பார்த்தேன். மிதவை அங்கே சின்னதாகத் தெரிந்தது. கையை நீட்டி ஒரு விரலை உயர்த்தினால் மறைந்துவிட்டது. நிஜச் சூரியனையும் இப்படி ஒரு விரலால் மறைக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. "அளவு சரியா இருந்தா அப்படித்தான் இருக்கும்ளா" என்றாய், நீயே சூரியனைச் செய்து வைத்த மாதிரி.

துறைமுக அலுவலகத்தில் எத்தனையோ கப்பல்களின் நீள அகலத்தைக் கோப்பில் ஏற்றியவள் நான். ஆனால் நிலா எங்கே என்று நீ கேட்டபோது நான் கையைக் காட்டிய இடம் எட்டு மீட்டர் தள்ளி இருந்தது. நீ ஒரு கேழ்வரகு மணியை எடுத்து, முத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் ஒட்டினாய். "மனுசன் இதுவரைக்கும் போனது இம்புட்டுத்தான்" என்றாய். நான் அந்தச் சாணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பல்லி தாண்டுகிற தூரம்.

பிறகு ஒளி எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டேன். நம் அளவில் ஒளி ஒரு நிமிடத்துக்கு ஏழு மீட்டர் ஊரும் என்றாய். மிதவையிலிருந்து முத்துக்கு வந்து சேர எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நாம் அதை ஒரு நிமிடத்துக்குள் நடந்து வந்திருந்தோம். "முட்டு வலிக்காரி ஒளியை முந்திட்டுப் போறா பாத்தியாளா!" என்று நீ சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. அன்றிலிருந்து காலை நடையில் நீ எவ்வளவு மெதுவாக வந்தாலும் நான் குறை சொல்லவில்லை. பிரபஞ்சத்தில் உன்னைவிட வேகமாக எதுவும் போய்க்கொண்டிருக்கவில்லை.

அடுத்த சூரியன் எங்கே என்று கேட்டது என் தவறுதான். இந்த மிதவைக்கு அடுத்த மிதவை எங்கே இருக்கும்? நீ நடைபாதைச் சுவரில் உட்கார்ந்து, கைபேசியில் பெருக்கிப் பார்த்தாய். பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தது. அதை வேறு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது உனக்கு. பிறகு நினைவு வந்தது.

"ஹூஸ்டன்" என்றாய். "எம் பையன் வீடு."

"இடையில?"

"இடையில ஒண்ணும் கிடையாது. அங்கன இருந்து வெளிச்சம் இங்கன வர நாலு வருஷத்துக்கு மேல ஆகும்." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாய். "அவனும் நாலு வருஷத்துக்கு ஒருக்காத்தான் வாரான். கணக்கு சரியாத்தான் இருக்கு."

இருவரும் எழுந்து செவ்வாயை வைக்கப் போனோம்.

முந்நூற்று ஐந்தாவது மீட்டரில் குரு மதுக்கடைக்கு எதிரே வந்தார். ஆட்சேபணை வரும் என்று பயந்தோம், வரவில்லை. கடை வாடிக்கையாளர் ஒருவர், குரு நேரே பார்க்கிற கடை ஊரிலேயே இது ஒன்றுதான் என்று பெருமைப்பட்டார். தொலைவில் இருக்கும் யுரேனஸ், நெப்டியூன் இரண்டையும் எங்கே வைத்தாலும் யாரும் கேட்கவில்லை. பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகங்களுக்கு நம் ஊரில் பகையாளிகள் கிடையாது. பூமி மட்டும் முதல் வாரத்திலேயே திருட்டுப் போனது. முத்து என்று பலகையில் எழுதியதால் வந்த வினை. காணாமல் போன பொருள் 'பூமி' என்று புகாரில் எழுதக் காவலர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் நீ ஒரு மிளகை ஒட்டினாய். நாம் எல்லோரும் இப்போது மிளகில் இருக்கிறோம். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஐந்நூற்று அறுபதாவது மீட்டரில்தான் டேப்பு நின்றது. நிமிர்ந்து பார்த்தோம். எதிரே அண்ணாச்சியின் கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது.

அவர் ஓடிவந்தார். ஓடுகிற உடம்பு இல்லை, இருந்தாலும் வந்தார்.

"டீச்சர், எங்க வாசலுக்கு நேரயா சனி பகவானை வைக்கப் போறிய?"

"நான் வைக்கல அண்ணாச்சி. அது அங்கனதான் இருக்கு."

"குருவைக் கொண்டாந்து இங்கன வைங்களேன். கல்யாண மண்டபம்லா? குரு பலன் இருக்கும். இவரை அந்தக் கடைக்கு முன்னால அனுப்பிருங்க. அங்க போறவனுக்கெல்லாம் ஏற்கெனவே பிடிச்சிருக்கு."

"பாதி தூரத்துக்குக் கொண்டு போகச் சொல்லுதிய. அப்புறம் புத்தகத்துப் புளுகுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"டீச்சர், சனி பகவான் ஒரு ராசியில ரெண்டரை வருஷம் இருப்பாரு. என் வாசல்ல ரெண்டரை வருஷம் நின்னாருன்னா, நான் மண்டபத்தைப் பூட்டிட்டு உப்பளத்துக்குத்தான் போகணும்."

உன் முகம் மாறியது அப்போதுதான். கோபம் போய், வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன் சரியான விடை சொன்னால் வருமே, அந்த முகம் வந்தது.

"எத்தனை ராசி அண்ணாச்சி?"

"பன்னெண்டு."

"ஒவ்வொண்ணுலயும் ரெண்டரை வருஷம். பெருக்குங்க."

"முப்பது."

"கொஞ்சம் குறைய முப்பது வருஷம். சூரியனைச் சனி ஒரு தடவை சுத்தி வர அம்புட்டு நாள் ஆகும். டெலஸ்கோப்பு இல்லாம நீங்களே சொல்லிட்டிய!" அவர் கையைப் பிடித்துக் குலுக்கப் போனாய். சனியைச் சொன்ன வாயோடு கை குலுக்கலாமா என்று அவர் யோசித்தார். நீ விடவில்லை. "அது ஒரு இடத்துல நிக்கவே நிக்காது. நான்தான் மறந்துட்டேன். சூரியன்ல இருந்து தூரம் மாறாம இருந்தா போதும். வட்டத்துல நகர்ந்துக்கிட்டே இருக்கட்டும்."

அன்று மாலை நீ வரைபடத்தில் மிதவையை நடுவில் வைத்து வட்டம் போட்டாய். பாதி வட்டம் கடலுக்குள் போனது. மீதிப் பாதி ஊருக்குள் சுற்றி வந்து, கடைசியில் நம் தெருவை ஒட்டி, மண்டப வாசலைத் தொட்டு மறுபடி கடலுக்குள் இறங்கியது. நம் அளவில் சனி ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் கொஞ்சம் நகரும். மாதத்துக்குப் பத்து மீட்டர். நம் தெருவில் ஒரு வீட்டின் முகப்பு அவ்வளவுதான்.

"மாசம் ஒரு வீடு" என்று நீ சொன்னாய். நான் யார் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்பதற்குள் நீயே விடையும் சொல்லிவிட்டாய். "மாதா சொரூபம் எப்படிளா வருது?"

மாதா சிலை ஒரு வீட்டில் தங்கி, ஜெபமாலை முடிந்து, அடுத்த வீட்டுக்குப் போகிற வழக்கம் நம் தெருக்காரர்களுக்குப் பழகியது. வருகிறவரை வாசலில் நின்று வாங்கவும், நேரம் வந்ததும் அடுத்த வீட்டில் ஒப்படைக்கவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தச்சர் நாலே முக்கால் சென்டிமீட்டருக்குக் கடைந்த மரப் பந்துக்கு மஞ்சள் பூசி, தகரத்தில் வளையம் வெட்டி மாட்டி, ஒரு முக்காலி மேல் நிறுத்தினாய். 'சனி' என்ற பலகையையும் அதில் தொங்கவிட்டாய். கத்தோலிக்க வீடுகள் நம்பிக்கை இல்லாததால் ஒப்புக்கொண்டன. என்னைப் போன்ற மற்ற வீடுகள், கத்தோலிக்க வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒப்புக்கொண்டன.

அண்ணாச்சியும் பஞ்சாங்கத்தோடு வந்தார். மண்டபத்துக்கு முன்னால் ஆறு வீடுகள். தை மாதம் முதல் வீட்டில் தொடங்கினால் ஆடியில் அவர் வாசலுக்கு வரும். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். "ஆடின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. முழு மாசமும் நிக்கட்டும்" என்றார். சனி கிரகத்தின் சுற்றுப்பாதை வரலாற்றில் இப்படி ஓர் ஒப்பந்தம் இதற்கு முன் ஏற்பட்டதாக நான் படித்ததில்லை.

உனக்கு அந்த ஒரு மாதம் போதும். தெருவுக்குள் இருக்கிற வரை சனி நடைபாதை வரிசையில் சேராது. மண்டப வாசலுக்கு எதிரே வரும்போது மட்டும், மிதவையிலிருந்து கடைசி வரை எல்லாம் ஒரே கோட்டில், சரியான தூரத்தில் நிற்கும். அடுத்த மாதம் அது மணலுக்கு இறங்கிவிடும், அப்புறம் பதினாலு பதினைந்து வருடம் கடல். "ஆடியில ஒரு நாள் காலையில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடப்போம். அதுக்கப்புறம் சனி எக்கேடு கெட்டும் போகட்டும்" என்றாய்.

தை, மாசி ஒழுங்காகப் போயின. பங்குனியில் மூன்றாவது வீட்டு ஜெயராணி வாசலில் வைத்தோம். அந்த மாதமே அவள் மகனுக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. சித்திரை பிறந்ததும் முக்காலியை எடுக்கப் போனோம். ஜெயராணி வாசலில் குறுக்கே நின்றாள்.

"டீச்சர், பையன் கப்பல் ஏறுற வரைக்கும் இருக்கட்டும்."

"சனிக்கும் கப்பல் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் ஜெயராணி?"

"எனக்கு என்ன தெரியும்? மூணு வருஷமா எழுதிப் போட்டான், வரல. மாதா வந்தப்பகூட வரல." குரலைத் தாழ்த்தினாள். "இதைச் சாமியார்கிட்ட சொல்லிராதிய."

"அது நகர்ற கிரகம். ஒரு இடத்துல நிக்காது."

"ஏன், டிவியில சொல்லுதாவளே, வக்கிர சனின்னு. பின்னால போவாராம், நிப்பாராம், அப்புறம் முன்னால போவாராம். அப்படி ஒரு மாசம் நின்னுட்டுப் போனாருன்னு வச்சுக்கிடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்கு வரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"பஸ்ல திருநெல்வேலிக்குப் போறே. முன்னால ஒரு உப்பு லாரி போகுது. உன் பஸ்ஸு அதை ஓவர்டேக் பண்ணும்போது, சன்னல் வழியா பாத்தா லாரி எப்படிப் போகுது?"

ஜெயராணி யோசித்தாள். "பின்னால போற மாதிரி இருக்கும்."

"லாரிக்காரன் ரிவர்ஸா எடுத்தான்? அவன் பாட்டுக்கு முன்னாலதான் போறான். நாமதான் வேகமாப் போறோம். நம்ம மிளகு உள்வட்டத்துல வருஷத்துக்கு ஒரு சுத்து ஓடுது. சனி வெளிவட்டத்துல ஊருது. நாம அதைத் தாண்டும்போது அது பின்னால போற மாதிரி நமக்குத் தெரியும். சூரியன்ல நின்னு பாக்குறவனுக்குச் சனி நிக்கிறதும் இல்லை, திரும்புறதும் இல்லை."

"சூரியன்ல யாரு டீச்சர் நின்னு பாக்கப் போறா? நாம இங்கனதான இருக்கோம்" என்றாள் ஜெயராணி.

வீட்டுக்குத் திரும்பும்போது, "அவ கேட்டது நல்ல கேள்விளா" என்றாய். "எல்லாரும் மிளகுல இருந்துதான் பாக்கோம். ரொம்ப காலம் அப்படியே பாத்துட்டு, எல்லாம் நம்மளைச் சுத்துதுன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தோம். ஒருத்தன் மனசுக்குள்ள எழுந்துபோய்ச் சூரியன்ல நின்னு திரும்பிப் பாத்தான். அதுக்கப்புறம்தான் கணக்கு சரியா வந்துது. அது எம்புட்டுத் தூரம் போயிட்டு வந்த மனசு பாரு." நானும் இரவு சமைக்கும்போது ஒருமுறை மிதவையில் நின்று திரும்பிப் பார்த்தேன். என் சமையலறை தெரியவில்லை.

தூரத்தை விட மாட்டேன், நாளைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன் என்று கடைசியில் ஒப்புக்கொண்டாய். ஜெயராணி மகன் சித்திரை முடியும்போது கப்பல் ஏறினான். அதற்குள் நான்காவது வீட்டுக்காரர்கள், எங்களை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டு போய்விடாதீர்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் வேலை தேடும் பையன் இருந்தான். வைகாசி அங்கே கழிந்தது. ஆனியில் உன் வாசல். ஆடியில் என் வாசல். மண்டபத்துக்கு ஆவணி. ஆடிக்கு எல்லாவற்றுக்கும் சம்மதித்த அண்ணாச்சி, ஆவணி என்றதும் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். "ஆவணியில எல்லா முகூர்த்தமும் புக் ஆயிட்டு டீச்சர். அந்த மாசம் மட்டும் முடியாது" என்று முடித்துவிட்டார்.

"பேசிக்கிடலாம்" என்றாய் நீ.

அதைப் பேச உனக்கு நாள் கிடைக்கவில்லை. ஆனி முடியப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் நடக்கக் கூப்பிட வந்த நான் உன்னைக் கட்டிலில் பார்த்தேன். வாசலில் சனி நின்றுகொண்டிருந்தது. இருபது வருடமாக உன்னோடிருந்த சர்க்கரை வியாதியைத் தெரு அன்றே விடுதலை செய்துவிட்டது. எல்லாரும் முக்காலியைத்தான் பார்த்தார்கள். வளையம் வைத்த அந்த மரப் பந்தை யாரோ ஒரு துணியால் மூடினார்கள். நான் போய்த் துணியை எடுத்தேன். மறுபடி மூடினார்கள். மறுபடி எடுத்தேன். உன் சாவு வீட்டில் நான் செய்த வேலை பெரும்பாலும் அதுதான்.

உன் மகன் வந்தான். ஒளிக்கு நாலு வருடம் ஆகிற தூரத்தை அவன் இரண்டே நாளில் வந்து சேர்ந்தான் என்பதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடம் சொல்வது? அவனிடமே சொன்னேன். அவனுக்கு முழுக் கதையும் தெரியாது. மிதவையிலிருந்து மிளகு வரை அவனைக் கூட்டிப்போய், கேழ்வரகு மணியைக் காட்டினேன். அடுத்த மிதவை எங்கே என்று அவனாகவே கேட்டான். நான் சொன்னேன்.

வயதை இப்போது நான் சனியில்தான் எண்ணுகிறேன். நமக்கு இரண்டு சுற்று முடிந்து மூன்றாவது தொடங்கியிருந்தது. மூன்றை முழுசாக முடிக்கிறவர்கள் குறைவு. இவ்வளவு குறைவான சுற்றுகளில் இவ்வளவு பஞ்சாங்கம் எப்படிச் சேர்ந்தது என்று யோசிக்கிறேன். காலையில் நடக்கும்போது என் வேகத்தை ஒளியோடு ஒப்பிடுகிறேன். யாராவது பெருமையடித்தால் மனதுக்குள் எழுந்து மிதவை வரை போய், திரும்பிப் பார்த்துவிட்டு வருகிறேன். இவை நீ விட்டுப்போனவை. எடை இல்லாதவை. முக்காலிதான் கனம்.

ஆடி மாதம் அது என் வாசலில் நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவில் சிலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆடி முடிகிற அன்று காலையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அண்ணாச்சி பந்தல்காரர்களோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர்களை உள்ளே அனுப்பினார்.

"மேடம், நான் அப்பவே டீச்சர்கிட்ட சொல்லியிருந்தேன்."

"தெரியும்."

"நேரா மணலுக்குக் கொண்டு போயிருங்களேன். அதுவும் அந்த வட்டத்துலதான வருது? நானே ரெண்டு ஆள் தாரேன்."

"மணல்ல வச்சா வரிசையில சேராது அண்ணாச்சி. அவ புத்தகத்துப் படத்தை ஒரு தடவை சரியா நிக்க வைக்கணும்னுதான் இம்புட்டும் செஞ்சா. இந்த ஒரு மாசந்தான். அவ நடக்கல. நானாவது நடக்கணும்."

அவர் வாசலைப் பார்த்தார். தோரணம் கட்ட ஏணி சாத்தியிருந்தது.

"ஒரு பத்தடி தள்ளி வைக்கலாமா? கார் நிறுத்துற பக்கம்?"

"பத்தடின்னா முக்கால் கோடி கிலோமீட்டர்."

"ஏயம்மா" என்றார். உண்மையிலேயே அதிர்ந்துவிட்டார். "பத்தடிக்கா?" மண்டப வாசலிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை கண்ணாலேயே ஒருமுறை அளந்தார். பிறகு நடைபாதையின் வடக்கு முனைப் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். மிதவை அங்கிருந்து தெரியாது. "அப்ப அந்த மஞ்ச மிதவையில இருந்து இங்கன வரைக்கும்..." என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டார். "இந்தக் கணக்கெல்லாம் டீச்சர் போட்டதா?"

"ஆமா."

"எனக்கு எட்டாம் வகுப்புல கணக்கும் அவங்கதான். காதைத் திருகுவாங்க." காதைத் தடவிக்கொண்டார். "பேர் எழுதாம வைக்க முடியுமா?"

"முடியாது."

"சின்ன எழுத்தா?"

"அதே பலகைதான்."

வெகுநேரம் யோசித்தார். "பலகையைக் கடல் பக்கம் பாத்துத் திருப்பி வச்சா? தூரத்துக்கு ஒண்ணும் பாதகமில்லைல்லா?"

நானும் யோசித்தேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று பார்த்தேன். வானியலில் இதற்கு எதிராக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

"பாதகமில்லை" என்றேன்.

"ஏலே, அந்த டேப்பை எடு" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். இடத்தை அவரே அளந்தார். இரண்டாவது தடவையும் அளந்தார். முக்காலியின் ஒரு கால் ஆடியது. அதன் அடியில் ஒரு ஓட்டுச்சில்லை வைத்தார்.

மறுநாள் ஆவணி ஒன்று. மிதவையிலிருந்து புறப்பட்டேன். கடுகு, முத்து, மிளகு, கேழ்வரகு. மதுக்கடை மூடியிருந்தது. மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சனியைத் தாண்டினேன். அதற்கு அப்பால் வெகுதூரத்துக்கு ஒன்றும் இல்லை. நடைபாதையும் கடலும்தான். நீ சொன்ன மாதிரியே இருந்தது. நெப்டியூன் வரை போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. ஒளியைவிட வேகமாகத்தான் வந்திருக்கிறேன்.

அந்த ஆவணியில் மண்டபத்தில் ஒன்பது கல்யாணம் நடந்தது.